கடதாசிப் படிவத்தை நிறுத்துமுன்: வன்னி அலுவலகங்களை இணையத்துக்கு மாற்றும் அதிகாரிகளுக்கு

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

"இனிக் கடதாசி விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா, இணையத்தில் மட்டும்" என்று கண்ணாடி யன்னலில் ஒட்டியிருக்கும் அறிவித்தலைப் பற்றியது இந்த மடல். எந்த அலுவலகத்தின் யன்னல் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒட்டியவர்களுக்குத் தெரியும்.

இதை எழுதுகிற நாங்கள் கணினிக்கு எதிரிகள் அல்ல. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்குப் பக்கங்களில் படிவம் தட்டி, தரவு ஏற்றி, பட்டியல் அச்சடித்துக் கொடுக்கிற ஆட்கள். பாண்டியன்குளத்திலிருந்தும் முழங்காவிலிலிருந்தும் ஒரு கையெழுத்துக்காகப் பஸ் ஏறி வந்து, அன்றைய கூலியையும் இழந்து, "நாளைக்கு வாங்கோ" என்ற பதிலோடு திரும்புகிற சனத்தைத் தினமும் பார்க்கிறோம். அந்த அலைச்சல் நின்றால் எங்களுக்கும் சந்தோசம்தான்.

முறைப்பாடு வேறு. நீங்கள் கொண்டுவந்திருக்கும் மென்பொருளுக்குள் போகிற தமிழ்ப் பெயர், போனபடியே திரும்பி வருவதில்லை. கடதாசியில் பிழை இருந்தபோது உத்தியோகத்தர் சிவப்புப் பேனாவால் வெட்டித் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்துவிடுவார். இப்போது "சிஸ்டம் எடுக்குதில்லை" என்கிறார். அந்தப் பதிலை யாரிடம் கொண்டுபோய் முறையிடுவது என்று அவருக்கும் தெரியாது, வந்தவருக்கும் தெரியாது. திரை சொல்வது உண்மை, கையில் இருக்கிற சான்றிதழ் சந்தேகத்துக்குரியது என்று ஆகிவிட்டது. எங்களால் ஏற்க முடியாதது இதுதான்.

சிவபாக்கியலட்சுமி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது தாண்டிய அம்மாமார் பலருக்கு இருக்கிற மாதிரியான பெயர். கண்ணுக்கு 10 எழுத்து. கணினிக்கு 17, ஏனென்றால் விசிறியும் (ி) கொம்பும் (ெ) அரவும் (ா) புள்ளியும், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொதுமுறையான யூனிகோட்டில் தனித்தனிக் குறிகள். அவற்றைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் (கணினியில் இடத்தை அளக்கும் அலகு), ஆக 51 பைட். ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து, பெயருக்கு 50 பைட் போதும் என்று யாரோ ஒதுக்கிய தரவுத்தளத்தில் கடைசி ஒரு பைட்டுக்கு இடமில்லை. சில மென்பொருள் பிழை காட்டி நிறுத்தும். அது நல்ல மென்பொருள். மற்றது சத்தமில்லாமல் வெட்டிவிட்டு "வெற்றிகரமாகப் பதியப்பட்டது" என்று சொல்லும். அம்மாவின் பெயர் "சிவபாக்கியலட்சும" என்று நிற்கும், பின்னால் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. இவ்வளவும் தகப்பன் பெயரை முன்னால் சேர்க்காமலே. இதற்கு மருந்து சின்னது: பெயர்ப் பெட்டியின் அளவைப் பைட்டில் வைக்காமல் குறிகளின் எண்ணிக்கையில் வையுங்கள், 200க்குக் குறையாமல். பெயர் நீண்டால் வெட்டாமல் பிழை காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது பாமினி. அலுவலக அலுமாரிகளில் கிடக்கும் பழைய வேர்ட், எக்செல் கோப்புகளில் கனக்க அந்த எழுத்துருவில்தான் இருக்கின்றன. பாமினியில் "அம்மா" என்று தட்டினால் திரையில் அம்மா தெரியும். கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள்: எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா போய் அந்தக் குப்பைதான் நிற்கும். இதை யூனிகோட்டுக்கு மாற்றுவது எழுத்துக்கு எழுத்து மாற்றுகிற வேலை என்று நினைக்கிறவர்கள்தான் பட்டியல்களைக் கெடுக்கிறார்கள். பாமினியில் கொம்பும் ஐகாரக் குறியும் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், மெய்க்கு முன்னால் தட்டப்படும். யூனிகோட்டில் அவை மெய்க்குப் பின்னால் வரவேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யாத மாற்றியில் முல்லைத்தீவைப் போட்டால் ஐகாரக் குறி ஒரு லகரம் முன்னதாக ஒட்டிக்கொண்டு, புள்ளி வட்டத்தோடு வெளியே வரும். அப்படி மாற்றிய பட்டியலில் "முல்லைத்தீவு" என்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார்கள். தமிழுக்கு இலங்கைத் தர நியமம் ஒன்று, எஸ்.எல்.எஸ். 1326, 2008இலிருந்தே இருக்கிறது. யூனிகோட்டும் விசைப்பலகையும் அதில் அடக்கம். உங்கள் கேள்விப்பத்திர (டெண்டர்) அறிவித்தல்களில் அந்த இலக்கத்தை ஒரு நிபந்தனையாக எழுதினாலே பாதிப் பிரச்சினை வாசலில் நின்றுவிடும்.

யூனிகோட்டுக்கு வந்த பிறகும் பொறி இருக்கிறது. கௌரி என்ற பெயரை ஒருவர் ஔகாரக் குறியோடு தட்டுகிறார். இன்னொருவர் கெ போட்டு, ள போட்டு, ரி போட்டு "கெளரி" என்று தட்டுகிறார். அச்சில் வித்தியாசம் பிடிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். ஸ்ரீயும் அப்படித்தான். ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோட்டில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஒரு போனின் விசைப்பலகை ஒன்றைப் போடும், இன்னொன்றின் விசைப்பலகை மற்றதைப் போடும். ஸ்ரீஸ்கந்தராசா ஒருவர் இரண்டு முறை விண்ணப்பித்தார் என்று உங்கள் மென்பொருள் கண்டுபிடிக்கத் தவறுவதும், பதிந்த ஸ்ரீஸ்கந்தராசாவையே "இல்லை" என்று சொல்வதும் இதனால்தான். வட்ஸ்அப்பில் இருந்து வெட்டி ஒட்டிய பெயரோடு கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியொன்று ஒட்டி வருவதும் உண்டு. சேமிக்குமுன் பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிற ஒரு படி, கண்ணுக்குத் தெரியாத குறிகளை உதறுகிற ஒரு படி. இரண்டும் எழுத ஒரு நாள் வேலை.

அகர வரிசையையும் ஒருக்கால் பாருங்கள். வெறும் குறியெண் வரிசைப்படி அடுக்கினால் நகரத்துக்கு அடுத்தபடி னகரம் வந்து நிற்கும், றகரம் ரகரத்தின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையில் பெயரைத் தேடுகிற கிராம அலுவலர் அச்சடித்த பட்டியலில் ஆளைக் காணாமல் "பெயர் வரவில்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார். தரவுத்தளத்தில் தமிழ் அடுக்குமுறையைத் தெரிவு செய்தால் முடிந்தது.

மூன்று மொழிக் கதை இதைவிட நீளம். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். வங்கிப் புத்தகமும் கடவுச்சீட்டும் ஆங்கிலத்தில். சிவராசா என்ற பெயரை ஆங்கிலத்தில் ஜே போட்டு எழுதுபவரும் உண்டு, எஸ் போட்டு எழுதுபவரும் உண்டு, கடைசியில் எச் வைப்பவரும் வைக்காதவரும் உண்டு. ஆக ஒரே ஆளுக்கு நான்கு எழுத்துக்கூட்டல். சிங்களத்தில் ழகரம் இல்லாதபடியால் யாழினி சிங்களத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பும்போது யாலினியாக வருகிறாள். இதில் யாருடைய குற்றமும் இல்லை, எழுத்தின் இயல்பு. ஆனால் தமிழ் வடிவத்தை ஆங்கிலத்திலிருந்தோ சிங்களத்திலிருந்தோ மென்பொருளைக் கொண்டு உண்டாக்குவது உங்கள் தீர்மானம். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. விண்ணப்பதாரர் தமிழில் எழுதித் தந்த பெயரே மூலப் பதிவாக இருக்கவேண்டும். மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்கட்டும். ஆளைப் பொருத்துவது எழுத்துக்கூட்டலை வைத்து அல்லாமல் அடையாள அட்டை இலக்கத்தை வைத்து நடக்கட்டும். "முதற்பெயர், குடும்பப்பெயர்" என்ற இரண்டு பெட்டிகளையும் எடுத்துவிடுங்கள். எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயர் உண்டு, கலியாணத்துக்குப் பிறகு பெண்களுக்குச் சில வேளை கணவன் பெயர். இந்த ஆவணத்தில் ஒன்று, அந்த ஆவணத்தில் மற்றது. "முழுப்பெயர்", "முதலெழுத்துகளுடன் பெயர்" என்ற பழைய இரண்டு வரிகளே போதும்.

இலக்கத்தை நம்பலாம் என்றோம். அதற்கும் கவனம் வேண்டும். பழைய அடையாள அட்டை 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 தொடக்கம் 12 இலக்கம். பழையதைப் புதியதாக்க, முன்னால் 19 சேர்த்து, பழையதன் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 இட்டு, எழுத்தை விட்டுவிட வேண்டும். இதைச் செய்யாத மென்பொருளில் ஒரே ஆள் பழைய இலக்கத்தில் ஒருவர், புதிய இலக்கத்தில் ஒருவர். இன்னொரு குழி பலருக்குத் தெரியாது. பிறந்த ஆண்டுக்குப் பின் வரும் மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500. இந்த நாள் கணக்கு எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்தே போடப்படுகிறது. 1958 மார்ச் 12இல் பிறந்த பெண்ணுக்கு 31, 29, 12 கூட்டி 72, அதோடு 500, ஆக 572. 1958 நெட்டாண்டு (பெப்ரவரிக்கு 29 நாள் உள்ள ஆண்டு) அல்ல. ஆகவே கலண்டர்க் கணக்கில் 72ஆவது நாளைத் தேடுகிற மென்பொருள் மார்ச் 13 என்று காட்டும். பிறப்புச் சான்றிதழில் 12. "திகதி பொருந்தவில்லை." நெட்டாண்டில் அல்லாமல் மார்ச்சிலோ அதற்குப் பிறகோ பிறந்த ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு நாள் பிசகு விழும். அதைத் திருத்தச் சத்தியக்கடதாசி கொண்டுவரச் சொல்கிறீர்கள். திருத்த வேண்டியது நிரலில் ஒரு வரி.

எக்செல் செய்கிற அநியாயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் தரவு இன்னும் எக்செல் கோப்பாக வட்ஸ்அப் குழுவில்தான் பயணம் செய்கிறது. காற்புள்ளியால் பிரித்த (சி.எஸ்.வி.) கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறந்தால், எந்த முறையில் எழுதியது என்று சொல்லும் குறியாக்க அடையாளம் தொடக்கத்தில் இல்லாத பட்சத்தில் தமிழ் முழுக்க, மேலே கீறல் போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்'உமாகச் சிதறிக் கிடக்கும். இதைக் கண்டால் யாரும் பயந்து மூடிவிடுவார்கள். மோசமானது கண்ணில் படாதது. 12 இலக்க அடையாள அட்டை எண்ணை எக்செல் பெரிய தொகை என்று நினைத்து 1.95857 பெருக்கல் பத்தின் 11ஆம் அடுக்கு என்று சுருக்கிவிடும். அதைக் காற்புள்ளிக் கோப்பாகவே திரும்பச் சேமித்தால் கடைசி ஆறு இலக்கமும் அழிந்து பூச்சியமாகும். அதன் பிறகு 1958 மார்ச் 5 முதல் 14 வரை பிறந்த பெண்கள் எல்லோருக்கும் ஒரே அடையாள அட்டை இலக்கம். தொலைபேசி இலக்கத்தின் முதல் பூச்சியமும் கூடவே போகும். இலக்கங்களை எழுத்தாக இறக்கும்படி ஏற்றுமதிக் கோப்பை அமைத்தால் இது நடக்காது. இறக்குமதி செய்யும்போது அந்த நெடுவரிசைக்கு "உரை" என்று தெரிவுசெய்யப் பழக்கினாலும் நடக்காது. முகாமைத்துவ உதவியாளர்களுக்கு அரை நாள் பயிற்சி போதும். அவர்களுக்குத் தந்தது கடவுச்சொல் எழுதிய துண்டொன்று மட்டும்.

பற்றுச்சீட்டில் வரும் தமிழைப் பார்த்திருப்பீர்கள்: கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். பி.டி.எஃப். உண்டாக்கும் நிரலில், எழுத்தையும் குறியையும் சரியாகச் சேர்த்து வைக்கும் எழுத்துக்கோப்பு இயந்திரம் இல்லாவிட்டால் இப்படித்தான் வரும். ஹார்ஃப்பஸ் என்ற இலவச இயந்திரம் இருக்கிறது, நோட்டோ தமிழ் எழுத்துருவும் இலவசம், அதைக் கோப்புக்குள்ளேயே பதித்து அனுப்பலாம். சின்ன வெப்பத்தாள் பிறின்ரருக்குத் தமிழ் தெரியாது, அதற்குப் படமாக அனுப்பவேண்டும்.

குறுஞ்செய்திக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறி. அதைத் தாண்டினால் 67 குறி கொண்ட துண்டுகளாகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. கிளிநொச்சி என்ற ஐந்து எழுத்தே 10 குறி, முல்லைத்தீவு 12. செலவு கூடுகிறதென்று ஆங்கிலத்தில் அனுப்புகிறீர்கள். "விண்ணப்பம் 4417 ஏற்கப்பட்டது. புதன் காலை 9 மணிக்கு வரவும்." எண்ணிப் பாருங்கள், இடைவெளியும் சேர்த்து 58 குறி. சுருக்கமாக எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் ஒரு செய்திக்குள் அடங்கும்.

போனுக்கு வருகிற ஒரு தடவைக் கடவுச்சொல்லில்தான் (ஓ.டி.பி.) எங்கள் மனச்சாட்சி உறுத்துகிறது. வீட்டில் ஒரு போன், அதுவும் வேலைக்குப் போன மகனிடம். இல்லாவிட்டால் காசு போடாமல் விட்டுச் செயலிழந்த சிம். விண்ணப்பம் போக ஏதாவது ஓர் இலக்கம் வேண்டும் என்பதால் தட்டச்சுக் கடைக்காரரின் இலக்கம் பதியப்படுகிறது. ஒரே இலக்கம், பல குடும்பம். நாளைக்கு அந்தக் கணக்குகளின் திறப்பெல்லாம் ஒரு கடைக்காரரின் சட்டைப்பையில். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய போன் தொலைந்தால்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவது இந்த மாதிரிக் காரியங்களைத்தான். தொலைபேசி இல்லாதவருக்கு, கிராம அலுவலர் முன்னிலையில் அடையாள அட்டையைக் காட்டி உறுதிப்படுத்தும் வழியொன்றைப் படிவத்திலேயே வையுங்கள்.

மின்சாரம், சிக்னல் பற்றிக் கனக்கச் சொல்லத் தேவையில்லை, உங்கள் அலுவலகத்திலும் அதே கதைதான். சித்திரை இடியிலும் ஐப்பசி இடியிலும் றவுட்டர் எரிவது வழமை. 650 வீ.ஏ. யூ.பி.எஸ். ஒரு கணினியைச் சில நிமிடம் தாங்கும், சேமித்து மூட அது காணும், வேலை செய்யக் காணாது. பாதியில் அறுந்தால் தட்டியதெல்லாம் அழிந்து முதல் பக்கத்துக்குத் திரும்பும் படிவத்தை இந்த மண்ணில் பாவிக்க முடியாது. வரைவு தானாகச் சேமிக்கப்படவேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும். போனில் எடுத்த படம் 4 எம்.பி. இருக்கும், அதை அனுப்புமுன் படிவமே சுருக்கவேண்டும். முடிவுத் திகதியை மார்கழி வெள்ளத்துக்குள் வைக்காதீர்கள்.

கட்டாயப் பெட்டிகளைப் பற்றியும் எழுதியாகவேண்டும். காணி உத்தரவுப் பத்திர இலக்கம், பிறப்புச் சான்றிதழ் இலக்கம், இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம். 2009வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த சனத்திடம் பத்திரங்கள் வைத்திருந்த பையே இல்லை என்பது வன்னியில் வேலை செய்கிற எந்த உத்தியோகத்தருக்கும் புதிய செய்தி அல்ல. பெட்டியை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஆகவே 0000 என்று போடுகிறார்கள், அல்லது 1111. அடுத்தவரும் அதையே போடும்போது "இந்தப் பத்திரம் ஏற்கனவே இன்னொருவர் பெயரில் உள்ளது" என்று திரை சொல்கிறது. தொலைந்த பத்திரத்துக்காக வந்தவர் இப்போது களவெடுத்தவர் மாதிரி நிற்கிறார். "ஆவணம் தொலைந்தது", "விண்ணப்பித்துக் காத்திருக்கிறேன்", "உத்தேச வயதுச் சான்றிதழ் உள்ளது" என்று மூன்று தெரிவுகளை அந்தப் பெட்டிக்குள் வைத்தால் யாரும் பொய் எழுதத் தேவையில்லை.

மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் விட்டுவிட்டு யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை. "வழங்கிய திகதி" இருக்கவேண்டிய பெட்டியில், "இஷ்யூ" என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எடுத்து, "பிரச்சினைத் திகதி" என்று வருகிறது. (ஒரு வகையில் பிழையென்றும் சொல்லமுடியாது.) இப்போது பழைய கையெழுத்துப் பதிவேடுகளைச் செயற்கை நுண்ணறிவால் வாசிப்பிக்கலாம் என்ற பேச்சும் அடிபடுகிறது. செய்யுங்கள். ஆனால் அது ணகரத்தையும் னகரத்தையும், ளகரத்தையும் ழகரத்தையும் மாற்றிப் படிக்கும். படித்ததைத் தயக்கமில்லாமல் அழகாக எழுதியும் வைக்கும். மூலப் பக்கத்தின் படம் பதிவோடு ஒட்டியிருக்கவேண்டும். ஒரு மனிதர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கையொப்பமிடும்வரை அது வரைவுதான்.

எங்கள் கோரிக்கைகள் இவை. அந்த அறிவித்தலைக் கழற்றுங்கள். ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் முடியும்வரை கடதாசிப் படிவமும் இணையப் படிவமும் ஒன்றாக ஓடட்டும். இரண்டிலும் பதிந்தவர்களை ஒப்பிட்டு, வித்தியாசம் எத்தனை என்று பிரதேச செயலகப் பலகையில் போடுங்கள். மென்பொருளைப் பொறுப்பேற்குமுன் சிவபாக்கியலட்சுமி, கௌரி, ஸ்ரீஸ்கந்தராசா, யாழினி என்ற நான்கு பெயர்களையும், 1958 மார்ச் 12இல் பிறந்த ஒரு பெண்ணின் பழைய, புதிய இலக்கங்களையும் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். தேடச் சொல்லுங்கள், அடுக்கச் சொல்லுங்கள், எக்செலுக்கு இறக்கச் சொல்லுங்கள், அச்சடிக்கச் சொல்லுங்கள். போனபடியே திரும்பி வராவிட்டால் கடைசித் தவணைக் காசைக் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், கரைச்சியில், கண்டாவளையில், துணுக்காயில், ஒட்டுசுட்டானில், பிழையை அங்கேயே திருத்தும் அதிகாரத்தோடு ஓர் உத்தியோகத்தரை இருத்துங்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவில் இருக்கட்டும். திருத்தத்துக்குச் சத்தியக்கடதாசி கேட்பதை, பிழை மென்பொருளுடையதாக இருக்கும் இடங்களில் நிறுத்துங்கள். ஏற்கனவே கடைக்காரர்களின் இலக்கத்தில் பதிந்த கணக்குகளைக் கண்டுபிடித்து உரியவர்களிடம் மாற்றிக் கொடுங்கள். ஒரே இலக்கம் எத்தனை பதிவில் இருக்கிறது என்று தேட உங்களுக்கு ஐந்து நிமிடம் எடுக்கும்.

மென்பொருளுக்கான கேள்விப்பத்திர நிபந்தனைகளையும் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனியாக விண்ணப்பம் தருகிறோம். அதற்கு 14 வேலை நாட்களுக்குள் பதில் தாருங்கள். அந்த விண்ணப்பத்தைக் கடதாசியில்தான் கொண்டுவருவோம். வாங்கிக்கொண்டதற்கு ஒரு பற்றுச்சீட்டும் வேண்டும், தமிழில்.

இப்படிக்கு,
வன்னியில் படிவம் நிரப்பித் தருபவர்களும் தரவு ஏற்றுபவர்களும்